நெடுநாள் வைத்திருந்த சங்கிலி ரம்பம் ஓடாமையும் அதன் பரிகாரமும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வாசுதேவநல்லூர்ப் பிரதேசத்தில் எலுமிச்சை, மா, தென்னை ஆகிய தோட்டங்களையுடைய விவசாயிகள், கிளை கழிக்கவும் பட்ட மரத்தை அகற்றவும் பெட்ரோலினால் ஓடும் சங்கிலி ரம்பத்தை உபயோகிக்கின்றனர். கடைகளில் இதனைச் ‘செயின் சா’ என்பர். உழவு யந்திரத்தைப் போலன்றி இது வருஷத்தில் சில நாட்களே வேலை செய்து, எஞ்சிய மாதங்களில் கிடங்கின் மூலையில் கிடப்பது. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளைகளை முறிக்கும்போதோ, ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் பாதையின் குறுக்கே சாயும்போதோ இதன் தேவை திடீரென்று நேரும். 2017ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரி ஜில்லாவிலும், 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் காவிரி டெல்டாப் பகுதியிலும் மரங்களை வீழ்த்திப் பாதைகளை அடைத்தமை யாவரும் அறிந்ததே. அத்தகைய நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் ஓடாத யந்திரத்தால் பயனில்லை.

இவ்வாறு ஓடாமைக்குப் பெரும்பாலும் காரணம் யந்திரத்தின் பழமையன்று. டாங்கியில் விட்டுவைத்த பெட்ரோலே ஆகும். ஆதலின் திருகுகளைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன், கீழ்க்கண்ட முறைப்படி சோதித்தல் வேண்டும்.

பெட்ரோல் கெடும் விதம்

பெட்ரோலில் எளிதில் தீப்பற்றும் இலேசான பாகம் நாளடைவில் ஆவியாகிவிடுகிறது. எஞ்சியது பிசினாகி, கார்புரேட்டரின் ஊசிமுனை போன்ற துவாரங்களை அடைத்துவிடும். சங்கிலி ரம்பத்தைப் பக்கவாட்டிலும் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், அதன் கார்புரேட்டரில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய ஜவ்வு, அதாவது ‘டயபிரம்’, அமைந்துள்ளது. இது பிசின் படிந்து விறைத்தால் பெட்ரோல் மேலேறாது.

மேலும், இந்நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022ஆம் வருஷத்தில் 10 சதவிகிதத்தையும், 2025ஆம் வருஷத்தில் 20 சதவிகிதத்தையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் கிரகிக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்கியின் அடியில் தனியே தங்கும். யந்திரம் பெட்ரோலை உறிஞ்சுவது அடியிலிருந்தே. அந்த அடிப்பாகத்தில் டூ ஸ்ட்ரோக் ஆயில் மிகக் குறைவாதலால், யந்திரம் ஒருவேளை ஓடினாலும் எண்ணெயின்றிப் பிஸ்டன் தேய்ந்து இறுகிப்போகும். சங்கிலி ரம்பம் செய்யும் கம்பெனிகள் பல 10 சதவிகித எத்தனாலுக்கு மேல் அனுமதிப்பதில்லை. ஆகவே உடன் வந்த கையேட்டைப் பார்த்தல் நலம்.

சோதிக்கும் முறை

1. முதலில் சுவிட்ச் ஓடும் நிலையில் உள்ளதா என்று பார்க்க. பிறகு அதனை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட்டே மற்ற வேலைகளைத் தொடங்குக.

2. பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்துப் பார்க்க. நிறம் கறுத்தோ, புளித்த வாடை வீசியோ, இரண்டு அடுக்காகப் பிரிந்தோ இருந்தால் கெட்டது என்று அறியலாம். அதனை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டலாகாது. கையேட்டில் கண்ட அளவில் ஆயில் கலந்த புதுப் பெட்ரோலை ஊற்றுக. ஐம்பதுக்கு ஒன்று என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றிருந்தால் 40 மில்லி.

3. காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசியை நீக்குக. புகை வெளியேறும் துவாரத்தையும் பார்க்க. கிடங்கில் கிடந்த யந்திரத்தில் குளவி மண்கூடு கட்டியிருத்தல் உண்டு.

4. தொப்பியை மாட்டிச் சுவிட்சைப் போட்டு, ரம்பத்தைச் சமதரையில் வைத்துச் சங்கிலித் தடையைப் போட்டு, பின்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு, சோக்கை மூடிக் கயிற்றை இழுக்க. ஒரு முறை ‘டப்’ என்று சப்தித்தவுடன் சோக்கைப் பாதி திறந்துவிட வேண்டும். அதன்பின்னும் மூடியே இழுப்பதால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடுகிறது.

பிளக் கூறும் செய்தி

இவ்வளவு செய்தும் ஓடவில்லையெனில், பத்து முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க. அது நனைந்துளதா, உலர்ந்துளதா என்பதைக் கொண்டே பழுது எப்பக்கம் என்று தீர்மானிக்கலாம்.

உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டாங்கியினுள் உள்ள சிறு வடிகட்டி அடைபட்டிருக்கலாம். ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். டாங்கிக்குக் காற்றுப் புகும் வழி அடைபட்டிருக்கலாம். இவை சரியாக இருப்பின் டயபிரமே காரணமாகும். அதனை மாற்றுவதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுக.

நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. அது மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. சுவிட்சை நிறுத்தி, பிளக் இல்லாமலே கயிற்றை ஏழெட்டு முறை இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றுக. பிளக்கைத் துடைத்து, முனை இடைவெளி சுமார் 0.5 மில்லிமீட்டர் இருக்கச் செய்து, சோக்கைத் திறந்து மீண்டும் முயல்க. அப்பொழுதும் பலிக்காவிடில் புதுப் பிளக் ஒன்று போட்டுப் பார்க்க. அதன்பின்னும் ஓடாவிடில், எலி கடித்த ஒயரோ பழுதுற்ற காயிலோ காரணமாகலாம்.

கயிறு சிறிதும் எதிர்ப்பின்றி வந்தாலும், சற்றும் அசையாமல் நின்றாலும், பழுது உள்ளே இருக்கிறது. பலங்கொண்டு இழுத்தல் தகாது.

செய்யத் தகாதவை

காற்றுத் துவாரத்தில் பெட்ரோலை ஊற்றுவதும், ரம்பத்தைக் கையில் தொங்கவிட்டு வீசி இழுப்பதும், கார்புரேட்டர் திருகுகளைக் கண்டபடி திருப்புவதும் கூடாது. முன்னவை இரண்டும் உயிருக்கு ஆபத்து; பின்னது யந்திரத்திற்குச் சேதம்.

வைக்கும் முறை

ஒரு மாதத்திற்கு மேல் வேலையில்லையெனத் தெரிந்தால், டாங்கியை வடித்துவிட்டு, யந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டுக. சங்கிலியையும் தகட்டையும் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசுக. உரமூட்டைகளின் அருகே வைக்கலாகாது. உரத்தூள் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவேற்றும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்திற்கு மேல் சேமிக்காமல், தேவைக்கு மட்டும் கலந்துகொள்க.

கிராம உத்தியோகஸ்தர்கள் புரட்டாசி முடிவதற்குள் தத்தம் கிராமத்தில் யாரிடம் ரம்பம் உள்ளது, அது ஓடுகிறதா என்று விசாரித்துக் குறித்துக்கொள்வது உசிதம். மின்கம்பியின்மேல் சாய்ந்த மரத்தை, மின்சாரம் நிறுத்தப்பட்டதென்று மின்சார அலுவலகத்தார் உறுதி சொல்லும்வரை எவரும் தொடலாகாது. ஒரு லிட்டர் புதுப் பெட்ரோலும் ஒரு புதுப் பிளக்கும் அன்றைக்குக் கைவசம் இருக்குமாயின், பாதை அடைபட்ட கிராமத்திற்கு வண்டி வருவது ஒரு நாள் தாமதியாமல் அன்றே கூடும்.