கொவிட் போனபின் நித்திரை போனவர்கள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நிம்மதியான நித்திரை ஒருபோதும் இலகுவாகக் கிடைத்ததில்லை. இறால் பிடிப்பவர் இருட்டில் தோணி தள்ளுகிறார். படுவான்கரையில் வேளாண்மை செய்பவர் கதிர் முற்றும் காலத்தில் யானைக்குக் காவல் இருக்கிறார். யுத்த காலத்தில் சுற்றிவளைப்புக்குப் பயந்தும், 2004 மார்கழி 26க்குப் பின்னர் கடலின் இரைச்சலுக்குப் பயந்தும் விழித்திருந்த இரவுகளை எம்மவர் மறந்துவிடவில்லை. ஆகவே ஒருவர் "எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றால், "ஆருக்குத்தான் வருகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவது எமது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கத்தின் மறைவில் ஒரு நோய் எமது கிராமங்களில் பெயரின்றி நடமாடுகின்றது.

2021க்குப் பின்னர் நாம் கேட்கும் முறைப்பாடு முன்னையதைப் போன்றதல்ல. இவர்கள் பத்து மணிக்குப் படுத்து, இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க எழும்புகிறார்கள். அல்லது எட்டு மணித்தியாலம் உறங்கியும், அடித்துப் போட்டது போன்ற உடம்போடு எழும்புகிறார்கள். பகலில் சொல்ல வந்த சொல் வாய்க்கு வருவதில்லை. அடுப்பில் வைத்த பானை மறந்துபோகிறது. முப்பது வருடம் வாவியில் தொழில் செய்தவர், தாம் வலை கட்டிய கம்பு எந்தப் பக்கம் என்று யோசித்து நிற்கிறார். விசாரித்தால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகுதான் தொடங்கியது என்கிறார்கள். வீட்டார் சோம்பல் என்கிறார்கள். அயலவர் செய்வினை என்கிறார்கள். வைத்தியத் துறையில் இதற்கு நீண்டகாலக் கொவிட் என்று பெயர்.

2021 ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. தொற்று ஏற்பட்டு வழமையாக 3 மாதமளவில் காணப்படுவதும், ஆகக்குறைந்தது 2 மாதமாவது நீடிப்பதும், வேறொரு நோயால் விளக்க முடியாததுமான உபாதைகள் இதில் அடங்கும். களைப்பு, மூச்சு வாங்குதல், சிந்தனைத் தடுமாற்றம் என்பன அவற்றுள் முதன்மையானவை. தொற்று பரிசோதனையால் உறுதிப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொற்று இருந்திருக்கலாம் என்று நம்ப இடமிருந்தாலே போதும். எமது பகுதிக்கு இது மிக முக்கியமானதொரு விடயமாகும்.

2020 மார்ச்சில் புனாணையிலுள்ள பல்கலைக்கழகக் கட்டடம் தனிமைப்படுத்தல் நிலையமாக்கப்பட்டதும், அதன்பின் காத்தான்குடி ஆதார வைத்தியசாலை கொவிட் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அன்று பரிசோதனை என்றாலே மக்களுக்குப் பயம். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் ஒன்று. 2021 பெப்ரவரி வரை, இறந்தவர் எந்தச் சமயத்தவராயினும் எரித்தே ஆகவேண்டும் என்றிருந்த விதி, முஸ்லிம் சகோதரர்களுக்கு அதைவிடப் பெரிய பயம். அடுத்த மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்த பின்னரும் அந்தப் பயம் இலேசில் விட்டுப்போகவில்லை. 2021 ஓகஸ்டில் டெல்டா வகை பரவி நாடே முடக்கப்பட்டபோது, பலர் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்து எழும்பினார்கள். நாட்டில் பதிவான தொற்றாளர் தொகை 670,000க்கு மேல், மரணங்கள் 16,800க்கு மேல். வீட்டில் கிடந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கையில் துண்டு இல்லாதபடியால் தமக்கு வந்தது கொவிட் என்று சொல்லவும் இவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

நித்திரைக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு?

நாம் உறங்கும்போது மூளை உறங்குவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஆழ்ந்த நித்திரையும் கனவு காணும் நித்திரையும் மாறி மாறி வருகின்றன. அன்று கண்டதும் கேட்டதும் நிலையான நினைவாகப் படிவது பெரும்பாலும் இந்நேரத்திலேயே. சுற்று முறிந்துகொண்டே இருந்தால் முதலில் குறைவது கவனம். கவனமின்றிக் கேட்டது உள்ளே போவதேயில்லை. உள்ளே போகாததை எப்படி நினைவுபடுத்துவது? நாம் மறதி என்று சொல்வதில் ஒரு பங்கு உண்மையில் மறதியே அல்ல.

கொவிட் இந்தச் சுற்றைப் பல வழிகளில் குலைக்கலாம். மூச்சுத்திணறலும் உடல்நோவும் எழுப்பிவிடும். இதயத்துடிப்பை எமது விருப்பமின்றியே இயக்கும் நரம்புத் தொகுதி தடுமாறினால், படுக்கையிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். போதாததற்கு 2022இல் மின்வெட்டு. மின்விசிறி இல்லாத புழுக்கத்திலும் நுளம்பிலும் சுகதேகிகளே விடிய விடிய விழித்துக்கிடந்தார்கள்.

எல்லாவற்றையும் நித்திரையின் தலையில் போடுவதும் சரியல்ல. 2022இல் வெளியான ஆய்வொன்றில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், 51 முதல் 81 வயதுக்குட்பட்ட 785 பேரின் மூளையை இருமுறை படமெடுத்து ஒப்பிட்டிருந்தார்கள். இவர்களுள் 401 பேருக்கு இடையில் கொவிட் வந்திருந்தது. அவர்களின் மூளையில் மணத்தோடு தொடர்புடைய பகுதிகள் மற்றவர்களினதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தன. 2024இல் வெளியான ஆய்வொன்றுக்காக இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நினைவும் சிந்தனையும் சோதிக்கப்பட்டிருந்தன. தொற்றே வராதவர்களோடு ஒப்பிடும்போது, நோய் தொட்டுக் குணமானவர்களிடம் நுண்ணறிவு அளவில் ஏறத்தாழ 3 புள்ளிக்குச் சமமான குறைவும், உபாதை தீராதவர்களிடம் 6 புள்ளிக்குச் சமமான குறைவும் காணப்பட்டன. நீண்டகாலம் வருந்திப் பின் சுகமானவர்களின் நிலை, விரைவில் சுகமானவர்களின் நிலையை ஒத்திருந்தது. எமக்கு இதுவே பெரிய ஆறுதல்: உபாதை தீர்ந்தவர்களிடம் சிந்தனைக் குறைவும் சிறியதாகவே இருக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் நித்திரை கெடுவது புதிதுமல்ல. 1917இல் வியன்னாவில் வொன் எக்கொனோமோ என்ற வைத்தியர் ஒரு விசித்திரமான மூளை அழற்சியை விபரித்தார். சிலர் வாரக்கணக்கில் உறங்கினார்கள், சிலருக்கு உறக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் இடங்கள் மூளையின் அடிப்பகுதியில் இருப்பதாக அவர் கணித்தார். அக்கணிப்பு பெரும்பாலும் சரியென்று பின்னாளில் தெரியவந்தது. 1918இன் இன்புளுவென்சாவோடு அந்நோய்க்குத் தொடர்பிருந்ததா என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

சங்கக் கணக்கில் விழுந்த துண்டு

எமது பகுதியில் இந்நோய் முதலில் வெளிப்படுவது வைத்தியசாலையில் அல்ல, கொடுக்கல் வாங்கலில். மாதர் சங்கமொன்றின் பொருளாளர் பதினொரு வருடமாக அப்பதவியில் இருந்தவர், காகிதமின்றியே கூட்டிக் கழிப்பவர். சேமிப்புக் கணக்கில் 4,300 ரூபா குறைந்தது. கூட்டத்தில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, கிணற்றடியில் சொன்னார்கள். அவர் எம்மிடம் வந்து, "பாதர், நான் ஒரு சதம் எடுக்கல்ல. எழுதினதாத்தான் எண்ணம். ஆனா என்ர எண்ணத்தை இப்ப நானே நம்புறல்ல" என்றார். 2021 ஆவணியில் காய்ச்சல் கண்டதிலிருந்து இரவு மூன்று மணிக்கு மேல் உறங்கியதில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

செயலாளரும் அவருமாக ஒரு காலை முழுதும் கொப்பியைப் புரட்டினார்கள். பணம் அங்கேயே இருந்தது, வேறொருவரின் பக்கத்தில் பதியப்பட்டு. ஆனாலும் அவர் பதவி விலகத்தான் நின்றார். சங்கத்தார் விடவில்லை. மாலைக் கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றினார்கள். ஒருவர் எண்ண மற்றவர் எழுதுவது என்றும், பணம் தந்தவர் அங்கேயே ஒப்பமிடுவது என்றும் தீர்மானித்தார்கள். இப்படியான ஏற்பாடு எல்லாச் சங்கங்களுக்கும் நல்லது என்பது வேறு கதை. கிராமங்களில் பெண்ணொருத்தியின் நாணயத்தின் மேல் விழுந்த சந்தேகம் பிள்ளைகளின் கலியாணப் பேச்சுவரை போகும். ஒரு நோயின் பெயர் தெரியாமற் போனதால் அது நடக்கவிருந்தது.

என்ன செய்யலாம்?

நீண்டகாலக் கொவிட்டைத் தீர்க்கும் குளிசை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படிச் சொல்லி விற்கப்படுவதை வாங்க வேண்டாம். ஆனால் இதே உபாதைகளைத் தரும் குருதிச்சோகை, நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு வைத்தியம் உண்டு. எனவே முதலில் கிளினிக்குப் போய் அவற்றைப் பரிசோதிக்க வேண்டும். பலத்த குறட்டையும், நித்திரையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லவேண்டும். படுத்திருப்பவருக்கு அது தெரியாது, பக்கத்தில் படுப்பவரே சாட்சி.

பாமசியில் நித்திரைக் குளிசையோ, தடிமனுக்குத் தரும் மயக்கக் குளிசையோ கேட்டு வாங்குவது எமது பகுதியில் சாதாரணமாகிவிட்டது. அவை மறுநாளும் மண்டையை மந்தமாக்கும். முதியவர்களுக்குக் குழப்பத்தையே உண்டாக்கும். சாராயமும் கசிப்பும் முன்னிரவில் உறங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். பொழுதுபட்ட பின் குடிக்கும் சாயமும் வாயில் அடக்கும் வெற்றிலை பாக்கும் விழித்திருக்க உதவுபவை என்பதைத் தொழிலாளிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எத்தனை மணிக்கு உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்பி, காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் இருப்பது பயன் தரும்.

"வேலை செய்தால் எல்லாம் சரிவரும்" என்ற புத்திமதியே மிகவும் கேடானது. இந்நோயாளிகளில் பலர் சக்திக்கு மிஞ்சி வேலை செய்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்துவிடுகிறார்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, களைக்கும் முன்னரே இருந்து ஆறவேண்டும். இரவுத் தொழிலை விட முடியாதவர் தனியே தோணியில் போகாமலிருக்க, மீனவர் சங்கங்கள் சோடி சேர்த்துவிடலாம். யானைக் காவலில் இவர்களுக்கு முன்னிரவு முறையை ஒதுக்கலாம்.

கிளினிக்குப் போகும் முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்து வைப்பது நல்லது: படுத்த நேரம், இடையில் எழும்பிய தடவைகள், விடிய எழும்பிய நேரம், பகலில் செய்த வேலை, மறுநாள் உடம்பு இருந்த விதம், குடித்த மருந்துகளின் பெயர். காய்ச்சல் வந்த மாதத்தையும் முதற் பக்கத்தில் எழுதவேண்டும். எழுத முடியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.