ஓணானுக்கு நம்மைப் பிடிக்குமா?



தோல் வாசனையோடு வளர்ந்தவர்கள் நாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பஸ் போகிற வழியெல்லாம் தோல் தொழில்தான். ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால், காவேரிப்பாக்கம் ஏரிக்கரை வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே ஓணான், அதன் குணம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "டேய், அது ரத்தத்தை உறிஞ்சுதுடா, கல்லை எடு!" என்றுதான் பதில் வரும்.

அதே ஓணானின் ஆஸ்திரேலியச் சொந்தக்காரனைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து, தோளில் உட்கார வைத்து, "இதுக்கு என் மேல ரொம்பப் பாசம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்பம், ஒன்றுக்குக் கல்லடி, இன்னொன்றுக்குக் கண்ணாடி மாளிகை! அடிக்கிறவனும் சரி, கொஞ்சுகிறவனும் சரி, அதன் மனசைப் புரிந்துகொண்டானா என்பதுதான் கேள்வி.

தாடிக்காரச் சொந்தக்காரன்

அந்தச் சொந்தக்காரன் பெயர் பியர்டட் டிராகன். நாம் 'தாடி ஓணான்' என்று வைத்துக்கொள்வோம். விலங்கியலில் போகோனா விட்டிசெப்ஸ். நம்ம ஊர் ஓணான் கேலோட்டஸ் வெர்சிகலர். இரண்டும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். தாடி ஓணானுக்கு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமிதான் சொந்த ஊர். வாலையும் சேர்த்து 40 முதல் 60 செ.மீ. வரை வளரும். அந்த நாடு தன் காட்டு உயிர்களை வியாபாரத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆகவே உலகச் சந்தையில் விற்பவை பெரும்பாலும் பிற நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவை. மனிதன் கையில் அது சாதுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு ஏறினால்தான் குணம் தெரியும்

ஓணான் வகைகளின் உடம்புக்குள் ஹீட்டர் கிடையாது. வெளியிலிருந்துதான் சூடு வாங்க வேண்டும். காலையில் வெயில் காயும், சூடு ஏறியதும் நிழலுக்குப் போகும், குறைந்தால் மறுபடி வெயிலுக்கு வரும். எலக்ட்ரிகல் நண்பர்களுக்குச் சொல்வதானால், நடமாடும் தெர்மோஸ்டாட்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உடம்பு குளிர்ந்திருக்கும்போது அது மந்தமாகக் கிடக்கும். பார்க்கிறவர்கள் "எவ்வளவு சாது!" என்பார்கள். சாது இல்லை ஐயா, ஓடத் தெம்பில்லை! தோளில் ஏறி ஒட்டிக்கொள்வதும் அப்படித்தான். நாம் 37 டிகிரி செல்சியஸில் ஓடும் ஹீட்டர். உயரமான இடம், கதகதப்பு இரண்டும் இலவசமாகக் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தலையாட்டினால் என்ன அர்த்தம்?

பேச்சு இல்லாத பிராணிக்கு உடம்புதான் பாஷை. ஆண் ஓணான் தலையை ஆட்டி, முன்னங்காலில் தண்டால் எடுப்பது "இது என் ஏரியா" என்ற அறிவிப்பு. அல்லது பெண்ணைக் கவரும் வித்தை. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் தொண்டையும் சிவந்து போகும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் 'பிளட் சக்கர்' என்று பெயர் வைத்தான். நம்ம ஊர்ப் பயல்களும் ரத்தம் உறிஞ்சுகிறது என்றார்கள். உறிஞ்சுவது ஒரு சொட்டுக்கூட இல்லை. அது தின்பது பெரும்பாலும் பூச்சி.

தாடி ஓணானும் தலையாட்டும். கோபமோ பயமோ வந்தால் தொண்டையை உப்பவைத்துக் கறுப்பாக்கும், வாயைப் பிளக்கும். ஆனால் வெயில் காயும்போது சும்மா வாயைத் திறந்திருந்தால் அது கோபமல்ல. அதிகச் சூட்டைத் தணிக்கிறது. ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றினால் நமக்கு 'டாட்டா' காட்டுகிறது என்று நினைப்போம். உண்மையில் அது "நான் சின்னவன், என்னை விட்டுடு" என்ற பணிவு. தடவும்போது கண்ணை மூடுவதையும் சுகம் என்றே எடுத்துக்கொள்ளக் கூடாது. சகித்துக்கொண்டு கிடப்பதாகவும் இருக்கலாம்.

மண்டு இல்லை!

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது, 2014ல் வெளியானது. கம்பிக் கதவைத் தலையால் தள்ளித் திறக்க ஒரு தாடி ஓணானைப் பழக்கினார்கள். அதைப் பார்த்த மற்றவையும் அதே மாதிரி திறந்தன. திறப்பதைப் பார்க்காதவற்றுக்கு அது வரவில்லை. 2016ல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள், நம் உறக்கத்தில் உள்ளதைப் போன்ற இரண்டு கட்டங்கள் தாடி ஓணானின் உறக்கத்திலும் மாறி மாறி வருவதைக் கண்டார்கள். ஆக, பார்க்கும், கற்கும் மூளைதான் அது.

பாசமா, பழக்கமா?

நாய் பல்லாயிரம் வருஷமாக மனிதனோடு வாழ்ந்த ஜாதி. குட்டியாகத் தாயின் மடியில் கிடந்தது. ஓணான் அப்படியா? தாய் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். குஞ்சு வெளியே வரும்போது தாயும் இல்லை, தாலாட்டும் இல்லை. அதனிடம் நாயின் பாசத்தைத் தேடுவது, டீக்கடையில் பிரியாணி கேட்பது மாதிரி.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. "இந்த உருவம் வந்தால் எனக்குக் கெடுதல் வராது" என்று அதனால் கற்றுக்கொள்ள முடியும். பயம் குறையும், பக்கத்தில் வரும், கையில் உள்ளதைத் தின்னும். பாசம் என்று நாம் பெயர் வைப்பது பெரும்பாலும் இந்தப் பயமின்மையைத்தான். இது ஒன்றும் மட்டமான சங்கதி இல்லை. நம்மைவிடப் பல மடங்கு சின்ன உயிர் நம்மைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பது, நாம் சம்பாதித்த நல்ல பெயர்!

அதைச் சம்பாதிக்கச் சில வழிகள் உண்டு. மேலிருந்து கையை நீட்டக் கூடாது. ஓணானின் உச்சந்தலையில் ஒளியையும் நிழலையும் உணரும் 'மூன்றாவது கண்' ஒன்று உண்டு. மேலிருந்து நிழல் விழுந்தால் பருந்துதான் ஞாபகம் வரும். பக்கவாட்டில், மெதுவாக வர வேண்டும். தூக்கினால் வயிறும் நான்கு கால்களும் கையில் தாங்கியிருக்க வேண்டும். வாலைப் பிடிக்கவே கூடாது. வீட்டுப் பல்லிக்கு வளர்வது மாதிரி இதற்குப் போன வால் திரும்ப வளராது. தினமும் கொஞ்ச நேரம், அதே வேளையில். துணைக்கு இன்னொன்றைச் சேர்த்து விடுவதும் தப்பு. அது தனிக்கட்டை, இரண்டு ஆண்கள் சேர்ந்தால் சண்டைதான்.

அப்போ வாங்கிடலாமா?

அவசரப்படாதே நண்பா! பெட்டியின் ஒரு மூலை 40 டிகிரி, மறு மூலை அதைவிடக் குளிர்ச்சி, மேலே புற ஊதா விளக்கு. இவை இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து வளையும். ஹாஸ்டலில் கரண்ட் போனால் யார் பார்ப்பது? நம்ம டிப்ளமோ 3 வருஷம்; அது வாழ்வதோ சுமார் 10 வருஷம். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வந்த வழியையும் கேட்க வேண்டும். 2023ல் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அப்படி மூச்சுத் திணறி வந்த உயிரிடம் பாசத்தை எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்? நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வேலியே நம்ம லேப்

காசில்லாத வழி ஒன்று சொல்கிறேன். காம்பவுண்டு வேலியில் ஒரே இடத்தில் தினமும் வெயில் காயும் ஓணானைத் தேர்ந்தெடுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், ஒரே வழியில் மெதுவாக நடந்து போங்கள். எத்தனை அடி தூரத்தில் அது ஓடுகிறது? டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். தொடவோ, பிடிக்கவோ, துரத்தவோ வேண்டாம். பத்து இருபது நாள் அளந்து கிராஃப் போடுங்கள். கோடு இறங்கினால், நண்பர்களே, அதுதான் நீங்கள் வாங்கிய மார்க்!

ஆனால் நடுவில் ஒருத்தன் கல்லெறிந்தாலோ, ஈர்க்கில் சுருக்குப் போட்டாலோ அத்தனை நாள் உழைப்பும் பாழ். பழைய பயம் திரும்பிவிடும். நம்பிக்கை ஏற நாளாகும், இறங்க ஒரு கல் போதும். ஆகவே ஜூனியர் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஓணான் தலையாட்டினால் அது உங்கள் ரத்தத்தைக் கேட்கவில்லை, தன் இடத்தைத்தான் சொல்கிறது. "சரிப்பா, உன் ஏரியாதான்" என்று நாமும் ஒரு முறை தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போவோமே!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்