திசையும் நதியும் சொல்லும் பெயர்கள்

சீன தேசத்தோடு நமக்குள்ள தொடர்பு இன்று பல வழிகளில் விரிந்துள்ளது. குவாங்ஜோவில் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் வணிகக் கண்காட்சிக்குச் செல்வோர் உண்டு; ஈவூ சந்தையிலிருந்து சரக்கு வரவழைப்போர் உண்டு; மருத்துவம் பயிலப் பிள்ளைகளை அங்கு அனுப்பிய பெற்றோரும் உண்டு. இவர்கள் அனைவரும் முதலில் எதிர்கொள்ளும் இடர் ஊர்ப் பெயர்களே. ஹெபெய், ஹூபெய், ஹெனான், ஹூனான் என அவை ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மனப்பாடம் செய்தாலும் மறுநாளே மறந்துவிடுகின்றன. ஆனால் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கற்றால், இதே பெயர்கள் எளிதில் மனத்தில் பதிந்துவிடும்.

காரணம், சீனப் பெயர்களுள் பல அந்தந்த நிலத்தின் இருப்பிடத்தையே சொல்பவை. திசைகளுக்கான நான்கு சொற்களை முதலில் அறிவோம். 'டோங்' கிழக்கு, 'நான்' தெற்கு, 'சி' மேற்கு, 'பெய்' வடக்கு. 'ஜிங்' என்பது தலைநகர். ஆகவே பெய்ஜிங் வடதலைநகர், நான்ஜிங் தென்தலைநகர். வரைபடத்தில் இவ்விரு நகரங்களையும் தொட்டுப் பார்த்தாலே பொருள் விளங்கிவிடும். ஜப்பானின் டோக்கியோவும் இதே முறையில் எழுதப்படும் 'கிழக்குத் தலைநகர்' என்பது கூடுதல் சுவை.

அடுத்து, 'ஹெ' என்றால் ஆறு. 'ஹூ' என்றால் ஏரி. 'ஷான்' என்றால் மலை. மஞ்சள் ஆற்றின் மீது விரலை ஓட்டினால், அதன் வடபுறம் ஹெபெய், தென்புறம் ஹெனான். டோங்டிங் ஏரிக்கு வடக்கே ஹூபெய், தெற்கே ஹூனான். தைஹாங் மலைத்தொடருக்குக் கிழக்கே ஷான்டோங், மேற்கே ஷான்சி. ஆறு பெயர்களை ஓர் ஆறு, ஓர் ஏரி, ஒரு மலை என மூன்று அடையாளங்களைக் கொண்டே கற்றுவிட்டோம். தெற்கே கடலுக்கு அப்பால் உள்ள தீவு ஹைனான், அதாவது 'கடலுக்குத் தெற்கு'. தென்மேற்கு மூலையில் உள்ள யுன்னான் 'மேகங்களுக்குத் தெற்கு'.

'ஆற்றுக்கு வடக்கு', 'ஏரிக்குத் தெற்கு' என்று தமிழில் எந்த வரிசையில் சொல்கிறோமோ, அதே வரிசையில்தான் சீனத்திலும் சொற்கள் அமைகின்றன. எனவே இப்பெயர்களைப் பொருள் பிரித்து நினைவில் கொள்வது தமிழருக்குக் கடினமன்று. ஒரு வேறுபாட்டை மட்டும் கருத்தில் கொள்க: நாம் 'தென்கிழக்கு' என்பதை அவர்கள் 'டோங்நான்', அதாவது 'கிழக்குத்தெற்கு' என்பர்.

எழுத்தைக் கற்கவும் வரைபடம் துணை செய்கிறது. மலையைக் குறிக்கும் எழுத்து, மூன்று சிகரங்கள் நிமிர்ந்து நிற்பதுபோல் இருக்கும். ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றின் எழுத்துகளில் இடப்பக்கம் மூன்று சிறு துளிகள் காணப்படும். அவை நீரின் குறி. சீன மொழி வரைபடம் ஒன்றில் இத்துளிகளைத் தேடிப் பார்ப்பது சிறுவர்க்கும் நல்ல விளையாட்டு.

சற்று முன்னேறியவர்கள் 'யாங்', 'யின்' என்னும் சொற்களைக் கவனிக்கலாம். வெயில் படும் பக்கம் யாங்; நிழல் பக்கம் யின். ஆற்றின் வடகரையும் மலையின் தென்சரிவும் யாங் எனப்படும். லுவோ ஆற்றின் வடகரையில் எழுந்த பழந்தலைநகர் லுவோயாங். ஹுவா மலைக்கு வடக்கே அமைந்தது ஹுவாயின். ஆயினும் பெயர் என்பது பழைய வரலாறு. இன்றைய எல்லைக்கோடு அன்று. ஹெனான் மாநிலத்தின் ஒரு பகுதி இன்று மஞ்சள் ஆற்றுக்கு வடக்கேயும் உள்ளது. பெயர் வழிகாட்டும், உறுதி செய்ய வேண்டியது வரைபடமே.

இவ்வெச்சரிக்கை பணமும் சரக்கும் அனுப்புவோர்க்கு மிகவும் தேவை. மலைக்கு மேற்கேயுள்ள ஷான்சியும், சியான் நகரைத் தலைநகராகக் கொண்ட மற்றொரு ஷான்சியும் அருகருகே உள்ள இருவேறு மாநிலங்கள். சீனர்க்கு ஒலியின் ஏற்ற இறக்கமே இவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. உரோமன் எழுத்தில் இரண்டாவதற்கு 'ஏ' என்னும் எழுத்தை இருமுறை இட்டு வேறுபடுத்துகின்றனர். பட்டுக்கும் பூங்காக்களுக்கும் புகழ்பெற்ற சூஜோ ஜியாங்சு மாநிலத்தில் உள்ளது. உரோமன் எழுத்தில் அதே பெயருடைய வேறொரு சூஜோ ஆன்ஹுய் மாநிலத்தில் உள்ளது. தைஜோ என்பதும் அவ்வாறே ஜியாங்சுவில் ஒன்று, ஜெஜியாங்கில் ஒன்று. ஊரின் பெயரை மட்டும் எழுதி மாநிலத்தை விட்டுவிட்டால் சரக்கு வேறு நகரைச் சென்றடைய நேரலாம்.

ஆதலால், வெளிநாட்டுப் பணவிடைப் படிவத்தையோ கொள்முதல் ஆணையையோ நிரப்புமுன் மூன்றைச் சரிபார்ப்பது நலம்: மாநிலத்தின் பெயர், சீன எழுத்தில் அமைந்த முகவரி, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. அவ்விடத்தை வரைபடத்திலும் ஒருமுறை கண்டறிந்து கொள்க.

பயிற்சிக்கு நாள்தோறும் பத்து நிமிடம் போதும். பெயர்கள் இல்லாத வெற்று வரைபடம் ஒன்றை எடுத்து, முதல் வாரம் ஆறுகளையும் மலைகளையும் மட்டும் வரைக. இரண்டாம் வாரம் அவற்றின் இருபுறமும் உள்ள மாநிலங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுக. மூன்றாம் வாரம் நகரங்களுக்குச் செல்க.

அப்போது தென்கிழக்குக் கடற்கரையில் குவான்ஜோ என்னும் துறைமுகத்தைத் தவறாது குறித்துக்கொள்க. 'குவான்' என்றால் நீரூற்று. தமிழ் வணிகர்கள் வாழ்ந்த அந்நகரில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த, தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. நம் முன்னோர் கடல் கடந்து சென்று அறிந்த ஊர்ப் பெயர்களை நாம் நம் மேசையின் மீதே கற்றுக்கொள்ளலாம்.