பெயரின் முதல் எழுத்து யாருக்குச் சொந்தம்?

பூம்புகாரில் இருக்கும் உறவுக்காரர்களுக்காக, ஆதார் செயலி பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். தமிழில் ஒன்று, வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. 2017-இல் வந்த அந்தச் செயலியின் பெயர் எம்ஆதார். ஆங்கிலத்தில் முதலில் சின்ன எம், அடுத்து பெரிய ஏ. வாக்கியத்தை அந்தப் பெயரில் தொடங்கினால் எம்மைப் பெரிய எழுத்தாக்கணுமா?

ஐபோன், ஈபே எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். செய்தி நிறுவனமான ஏபியின் நடைக் கையேடு, வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்தாக்கு என்கிறது. சிகாகோ கையேடு, 2010-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து, அப்படியே விடு என்கிறது. இரண்டாவது எழுத்தே பெரிசாக இருப்பதால் அது பெயர் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. உறுத்தினால் அந்தப் பெயரை வாக்கியத்தின் நடுவே தள்ளிவிடலாம்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் நம்மிடமும் முதல் எழுத்தைத் திருத்தும் விதி ஒன்று இருக்கிறது. ர, ல போன்றவை சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியம் காலத்து இலக்கணம். அதனால்தான் ராமன் இராமன் ஆனார், லட்சுமி இலட்சுமி ஆனார்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆங்கிலத்தில் அந்த மாற்றம் ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே என்று கணினிக்கும் தெரியும்; தேடினால் இரண்டும் கிடைக்கும். தமிழிலோ மாற்றம் ஆவணத்தில் தங்கிவிடுகிறது. ஒருவர் பெயர் ஓர் அட்டையில் ராஜேந்திரன், இன்னொன்றில் இராஜேந்திரன் என்று வைத்துக்கொள்வோம். யுனிகோடில் இ வேறு எண், ர வேறு எண். நாம் தனியாகச் சொல்லித் தராவிட்டால் கணினிக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். அகர வரிசையில் ஒருவர் பட்டியலின் தொடக்கத்தில், மற்றவர் எங்கோ பின்னால். நெல் விற்ற பணமோ உதவித்தொகையோ வர வேண்டிய இடத்தில் பெயர் பொருந்தவில்லை என்றால், அலைவது அவர்தான்.

கட்டுரையில் இராமன் என்று எழுதுங்கள், அழகுதான். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை, அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுவோம். எம்ஆதாருக்குக் கொடுக்கும் மரியாதையை ராஜேந்திரனுக்கும் கொடுக்கலாமே.