புதிய இதய சிகிச்சை ஆய்வில் சேரலாமா?

இதயநோய்ப் பிரிவின் வராண்டாவில் அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து பிழைத்தவர். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. எக்கோ எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் பம்பிங் குறைந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் மடியில் இருபது பக்கத்துக்கு மேல் பின் அடித்த ஒரு காகிதக் கட்டு இருந்தது. புது மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"நம்மள வெச்சு சோதனை பண்ணப் போறாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மனைவி.

"டாக்டர் நமக்குக் கெட்டதா சொல்லப்போறாரு? கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பலாம்" என்றார் அவர்.

என் உறவினரின் முறைக்காகப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த எனக்கு இரண்டு பேச்சுமே கவலையாக இருந்தது. பயந்து மறுத்தால் ஒரு நல்ல வாய்ப்பு கைவிட்டுப் போகலாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், எதற்குச் சம்மதித்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். 'கிளினிக்கல் டிரையல்' என்ற சொல்லைக் கேட்கும் எந்தக் குடும்பமும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, நிதானமாக யோசித்து முடிவெடுக்க முடியும். அதற்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு

வழக்கமான சிகிச்சையில் மருத்துவர் உங்கள் ஒருவரின் உடலை மட்டும் பார்த்து, ஏற்கெனவே பலன் தெரிந்த மருந்தை எழுதித் தருகிறார். ஆய்வில் கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது: இந்தப் புது மருந்து, இப்போது இருப்பதைவிட நல்லதா? பதில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவைப்படாது.

புதிது என்பதால் கட்டாயம் மேலானதாகத்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இதய மருத்துவத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1980-களில், மாரடைப்புக்குப் பிறகு இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிக்கும் நோயாளிகளுக்கு அமெரிக்காவில் ஃப்ளெகெய்னைட், என்கெய்னைட் போன்ற மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். மாத்திரை சாப்பிட்டதும் இசிஜி-யில் தாளம் சீராவது கண்கூடாகத் தெரிந்தது. தாளம் சீரானால் உயிரும் காப்பாற்றப்படும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 'காஸ்ட்' என்ற ஆய்வு அந்த நம்பிக்கையைச் சோதித்தது. அதில் 1,498 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த மருந்துகள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 1989-ல் ஆய்வின் இந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இசிஜி அழகாக இருந்தது, ஆட்கள்தான் இறந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், நல்லெண்ணத்தோடு எழுதித் தரப்பட்ட அதே மாத்திரைகள் இன்னும் எத்தனையோ பேரின் உயிரை வாங்கியிருக்கும்.

நம் நாட்டு நோயாளிகளுக்கு நெருக்கமான இன்னொரு ஆய்வும் உண்டு. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, துடிப்பும் தாறுமாறானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுகிறார்கள். அடிக்கடி ரத்தம் கொடுத்து, அது உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்க்கும் அலைச்சல் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பரிசோதனை தேவைப்படாத ரிவரோக்ஸபான் என்ற புதிய மருந்து இவர்களுக்கும் சரிப்படுமா என்று 'இன்விக்டஸ்' ஆய்வு பார்த்தது. 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற இதன் முடிவு 2022-ல் வெளியானது. பழைய மருந்து சாப்பிட்டவர்களிடையேதான் இறப்பு குறைவாக இருந்தது. அலைச்சல் மிகுந்த பழைய மாத்திரையே இந்த நோயாளிகளுக்குக் காவல் என்று அதன் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஒரு மருந்து ஏறிவரும் படிகள்

ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சோதித்த பிறகே ஒரு மருந்து மனிதர்களிடம் வருகிறது. முதல் கட்டத்தில் சிலருக்கு, பெரும்பாலும் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு, குறைந்த அளவில் தந்து உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகளிடம் எந்த அளவு மருந்து வேலை செய்கிறது என்று கணிப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம், நடைமுறையில் உள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். மருந்து கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பது நான்காம் கட்டம். உங்களை அழைப்பது எத்தனையாவது கட்ட ஆய்வு என்பதை முதலில் கேளுங்கள். முதல் கட்டத்தின் ஆபத்தும் மூன்றாம் கட்டத்தின் ஆபத்தும் ஒன்றல்ல.

எல்லாரையும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். வயது, சிறுநீரகத்தின் நிலை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மற்ற மருந்துகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். விருப்பத்தோடு போனவரை ரத்தப் பரிசோதனைக்குப் பின் திருப்பி அனுப்புவதும் உண்டு. அதற்காக வருந்த வேண்டாம். அவர் உடம்புக்கு ஆபத்து வரக்கூடாது என்பதும் அந்தப் பட்டியல் இருப்பதற்கு ஒரு காரணம்.

யாருக்கு எந்த மருந்து? குலுக்கல்தான் முடிவு செய்யும்

ஆய்வில் சேர்ந்தால் புது மருந்து கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உறுதியில்லை. எந்தப் பிரிவில் நீங்கள் சேர்வீர்கள் என்பதைக் கணினி, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தீர்மானிக்கும். மருத்துவரிடமே விட்டால், தெம்பாக இருப்பவர்களைத் தன்னை அறியாமல் ஒரு பக்கமும் தளர்ந்தவர்களை இன்னொரு பக்கமும் சேர்த்துவிடக்கூடும். அப்புறம் குணம் கண்டது மருந்தாலா, ஆள் தெம்பாக இருந்ததாலா என்று பிரித்தறிய முடியாது.

பல ஆய்வுகளில் மருந்துப் புட்டியின் மேல் மருந்தின் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டுமே இருக்கும். உள்ளே இருப்பது எது என்று உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அவசரம் என்றால் அந்த எண்ணைக் கொண்டு உண்மையைக் கண்டறிய வழி வைத்திருப்பார்கள்.

வெறும் மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுகிறார்களா?

மருந்தில்லாத மாத்திரை என்றதும் கோபம் வருவது இயல்பு. ஆனால், இதயநோய் ஆய்வுகளில் பெரும்பாலும் நோயாளியின் வழக்கமான மருந்துகள் எதையும் நிறுத்துவதில்லை. அவற்றுக்கு மேல் கூடுதலாக ஒரு மாத்திரை தருவார்கள். அந்தக் கூடுதல் மாத்திரைதான் ஒரு பிரிவினருக்குப் புது மருந்து, இன்னொரு பிரிவினருக்கு வெறும் மாத்திரை. 2019-ல் முடிவு வெளியான 'டாபா-ஹெச்எஃப்' ஆய்வு இப்படித்தான் நடந்தது. பம்பிங் குறைந்த 4,744 பேருக்கு வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. அதோடு, சர்க்கரை நோய்க்குத் தரப்பட்டுவந்த டாபாகிளிஃப்ளோசின் பாதிப் பேருக்குச் சேர்க்கப்பட்டது. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் அது இதயத்துக்கு நல்லது செய்தது தெரிந்தது. இன்று இதயச் செயலிழப்பு உள்ள பலரின் மருந்துச் சீட்டில் அது இருக்கிறது.

போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவது ஏன் அவசியம் என்பதற்கு 2017-ல் பிரிட்டனில் வெளியான 'ஆர்பிட்டா' ஆய்வைச் சொல்லலாம். நடந்தால் நெஞ்சு வலிக்கும், மற்றபடி நிலையாக இருக்கும் 200 பேர். எல்லாருக்கும் மருந்துகள் கொடுத்து, எல்லாரையும் ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபுக்குள் கொண்டுபோனார்கள். பாதிப் பேருக்கு மட்டும் ஸ்டென்ட் வைத்தார்கள். யாருக்கு வைத்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் நடக்கவிட்டபோது இரு பிரிவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அதே குழு, நெஞ்சுவலிக்கான மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் நடத்திய அடுத்த ஆய்வில், 2023-ல், ஸ்டென்ட் நெஞ்சுவலியைக் குறைப்பது தெரிந்தது. ஓர் ஆய்வோடு பதில் முழுமையாகிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. இவை நிலையான நெஞ்சுவலி பற்றியவை. மாரடைப்பு நேரத்தில் உடனே அடைப்பை நீக்கி வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும். அதில் தயங்கவே கூடாது.

"26 சதவீதம் குறைந்தது" என்றால்?

புது மருந்து பற்றிய செய்திகளில் பெரிய சதவீதங்கள் வரும். டாபா-ஹெச்எஃப் ஆய்வில் இதயச் செயலிழப்பு முற்றுவதும் இதயநோயால் இறப்பதும் சேர்ந்து 26 சதவீதம் குறைந்தன. நூறு பேரில் 26 பேர் தப்பினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், வெறும் மாத்திரை பெற்ற நூறு பேரில் சுமார் 21 பேருக்கு இந்தப் பாதிப்பு வந்தது. மருந்து பெற்றவர்களில் சுமார் 16 பேருக்கு வந்தது. நூறுக்கு ஐந்து பேர் குறைவு. இது மிக நல்ல பலன்தான். ஆனாலும் "நூறு பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

சட்டம் தரும் காவல்

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்' நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆய்வைத் தொடங்க முடியாது. மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும் சாதாரண மக்களில் ஒருவரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். நோயாளிக்கு உயிராபத்து போன்ற கடுமையான பாதிப்பு நேர்ந்தால், ஆய்வு செய்யும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் ஏற்பட்ட பாதிப்புக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. மரணம் நேர்ந்தால் இழப்பீடு குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக்காட்டி ரேகை வாங்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகலை உங்களிடம் தர வேண்டும். ஆய்வு தொடங்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

- இது எத்தனையாவது கட்ட ஆய்வு? எத்தனை நாள் நடக்கும்? எத்தனை முறை வர வேண்டும்?
- இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?
- இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் எதையாவது நிறுத்துவீர்களா?
- இதுவரை தெரிந்த பக்கவிளைவுகள் எவை?
- பரிசோதனைச் செலவு, போக்குவரத்துச் செலவு யாருடையது?
- ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?
- ஆய்வு முடிந்ததும் மருந்து பலன் தந்திருந்தால், தொடர்ந்து கிடைக்குமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. விலை உயர்ந்த மருந்து என்றால் கேட்டே ஆக வேண்டும்.

சேர்ந்த பிறகு

சொன்ன நாளில் போங்கள். மீந்த மாத்திரைகளையும் காலிப் புட்டியையும் எறியாமல் திருப்பிக் கொடுங்கள். எத்தனை சாப்பிட்டீர்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்து, கஷாயம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போக நேர்ந்தால், ஆய்வு அட்டையைக் காட்டுங்கள்.

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆனால், மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள்.

பெயர் தெரியாத அந்தப் பதினேழாயிரம் பேர்

நெஞ்சுவலியோடு ஒருவரைத் தூக்கிவந்தால், மாரடைப்பு என்று சந்தேகித்ததும் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கிறார்கள். அந்த விலை மலிந்த மாத்திரை மாரடைப்பில் உயிர் காக்கும் என்று உறுதியாகத் தெரிந்தது 1988-ல். 16 நாடுகளில் 17,187 பேர் பங்கேற்ற 'ஐசிஸ்-2' ஆய்வு அதைக் காட்டியது. ஐந்து வாரத்தில், ஆஸ்பிரின் பெறாதவர்களில் 11.8 சதவீதம் பேர் இதய, ரத்தநாள நோயால் இறந்தார்கள். பெற்றவர்களில் 9.4 சதவீதம். ஆயிரம் பேருக்கு 24 உயிர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த நேரத்தில் சம்மதம் சொன்ன அந்த மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நம் வீட்டில் பிழைத்து வந்தவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

வராண்டாவில் பார்த்த பெரியவர் அன்று கையெழுத்துப் போடவில்லை. ஆய்வு ஒருங்கிணைப்பாளரான ஓர் இளம்பெண் வந்து, "ஐயா, இன்னிக்கே போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைங்களோட உட்கார்ந்து படிங்க. சந்தேகத்தை எல்லாம் எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். மறுவாரம் என் உறவினரை அழைத்துப் போனபோது அவர்கள் மறுபடியும் அதே இடத்தில் இருந்தார்கள். படிவத்தின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரிசை எண் போட்டு எழுதிய கேள்விகள். அந்தப் பெண் எதிரே வந்து உட்கார்ந்ததும், பெரியவர் வாயைத் திறக்கும் முன் மனைவிதான் கேட்டார்: "பாதியில வேண்டாம்னு தோணிச்சுன்னா, அப்புறமும் இவருக்கு இங்க வைத்தியம் பார்ப்பீங்கல்ல?"