சாமி வைக்கிற விருந்து

கோயில் பிரசாதம் என்றால் பொங்கல், புளியோதரை, சுண்டல். விடியற்காலையில் ஆட்டுக்கறி பிரியாணியைப் பிரசாதமாக வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கிற ஊர் ஒன்று மதுரைப் பக்கம் இருக்கிறது என்றால், வெளியூர் நண்பர்கள் முதலில் நம்புவதில்லை. நம்பினாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “சாமிக்குப் போய் பிரியாணியா?” நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டீயில் பதில் சொல்லி முடிக்க முடியாது. இரண்டாவது டீயையும் இப்போதே சொல்லிவிட்டு ஆரம்பிப்போம்.

ஊர் வடக்கம்பட்டி. மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம் தாண்டி, விருதுநகர் போகிற வழியில் கள்ளிக்குடிப் பக்கம். அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். மதுரையைச் சுற்றி இருப்பது ஒரே மாதிரி நிலம் இல்லை. 1895இல் பெரியாறு அணை வந்த பிறகு வைகைக்கு மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் கிடைத்தது. வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கமெல்லாம் நெல் விளைந்தது. தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக்கு அன்றைக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை. பருத்தி, சோளம், கம்பு. மழை இரண்டு வருஷம் ஏமாற்றினால் வீட்டில் ஒருவராவது வேறு பிழைப்புத் தேடிக் கிளம்பியாக வேண்டும்.

அப்படிக் கிளம்பியவர்கள் கையில் பெரிய படிப்பும் இல்லை, முதலும் இல்லை. சமையல் தெரியும். 1930களில் வடக்கம்பட்டிக்காரர்கள் வெளியூர் போய்ச் சாப்பாட்டுக் கடை போட ஆரம்பித்தார்கள். ஆரம்பக் கடைகளில் ஒன்று காரைக்குடியில் என்பார்கள். ஊர்க் காவல்தெய்வமான முனியாண்டியின் பேரையே கடைக்கு வைத்தார்கள். கடை ஓடியது. பங்காளி வந்து வேலை பழகி, அடுத்த ஊரில் தனிக்கடை போட்டார். அவரிடம் வேலை பார்த்த மைத்துனர் இன்னொரு ஊரில் போட்டார். இன்று தமிழ்நாட்டில் எந்த நெடுஞ்சாலையில் போனாலும், தமிழ்நாட்டைத் தாண்டிப் போனாலும், ‘மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்’ என்று ஒரு போர்டு கண்ணில் படாமல் இருக்காது. எல்லாக் கடைக்கும் சேர்த்து ஒரு முதலாளி கிடையாது, கம்பெனி கிடையாது. பேர் ஒன்று, ஊர் ஒன்று, சாமி ஒன்று. தலைவாழை இலை போட்டுச் சோறு வைத்து, கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். சுக்காவுக்கும் ஆம்லெட்டுக்கும்தான் தனிக் காசு. மறுசோற்றுக்குத் தயங்குகிறவரைப் பார்த்தால் பரிமாறுகிறவரே கரண்டியோடு வந்து நிற்பார்.

பல கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் விழுகிற முதல் வியாபாரக் காசைச் சாமிக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். வருஷம் முழுக்கச் சேர்கிற அந்தப் பணத்தோடு தை, மாசியில் திருவிழாவுக்கு ஊர் திரும்புவார்கள். நாயுடு சமூகத்தார் தையிலும், ரெட்டியார் சமூகத்தார் மாசியிலும் திருவிழா எடுப்பது முறை. பால்குடம், தேங்காய் பழத் தட்டு ஏந்திய ஊர்வலம் எல்லாம் முடிந்தபின் ராத்திரி அடுப்பு மூட்டுவார்கள். பத்திரிகைகளில் வருகிற கணக்குப்படி ஆயிரம் கிலோவுக்கு மேல் அரிசி, இருநூறுக்கு மேல் ஆடு, சேவல்கள் தனி. பெரும்பாலும் நேர்த்திக்கடனாக வந்து சேர்ந்தவை. அடுப்படியில் நிற்கிறவர்கள் வருஷம் முழுக்க இதே வேலை பார்க்கிறவர்கள். தொழிலுக்காகச் சமைத்த கை அன்றைக்குச் சாமிக்காகச் சமைக்கிறது.

அண்டா பிரியாணியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் ஒரு படி அரிசிக்கு வைக்கிற கணக்கை நூறால் பெருக்கினால் பிரியாணி வராது, கூழ்தான் வரும். பாத்திரம் பெரிதாகப் பெரிதாக ஆவியாகப் போகிற தண்ணீரின் பங்கு குறைந்துகொண்டே போகும். அதற்குத் தக்கபடி அளவைச் சுருக்க வேண்டும். முதலில் எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம். இஞ்சி பூண்டு விழுது பச்சை வாடை போக வதங்கியதும் தக்காளி, புதினா, மல்லி, தயிர், மிளகாய்த்தூள். பிறகு கறி. கறி முக்கால் பதம் வெந்தபிறகுதான் தண்ணீர். அது தளதளவென்று கொதிக்கும்போது ஊறிய அரிசியைக் கொட்டுவார்கள். துடுப்புப் போடுவதற்குத் தனிக் கை வேண்டும். அடியிலிருந்து மேலே புரட்டிக் கொண்டுவர வேண்டும். ஆனால் அரிசி உடையக் கூடாது. அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும் ஒரு நேரம் இருக்கிறது. மாஸ்டர் அதற்காகத்தான் காத்திருப்பார். அந்த நேரம் வந்ததும் அடியில் எரிகிற விறகை இழுத்துப் போட்டு, மூடியால் மூடி, அதன் மேல் தணலை அள்ளிப் பரப்பிவிடுவார். மேலும் கீழும் ஒரே சூடு. இதுதான் தம். அரை மணி நேரம் யாரும் கிட்டப் போகக் கூடாது. திறக்கும்போதும் நட்ட நடுவில் கரண்டியைக் குத்த மாட்டார்கள். ஓரத்திலிருந்து பக்கவாட்டில் வெட்டி எடுப்பார்கள். அப்போதுதான் கறியும் சோறும் ஒன்றாக வரும்.

இப்படி வரிசையாகத் தம் போட்டுப் போட்டு இறக்கினால் கிழக்கு வெளுக்கிற நேரம் ஆகிவிடும். சாமிக்குப் படையல், அடுத்து ஜனங்களுக்கு. பிரியாணி விடியற்காலையில் கிடைப்பதன் காரணம் இவ்வளவுதான். உள்ளூர்க்காரர், சுற்றுப்பட்டிக்காரர், வழியில் போகிறவர் என்று யார் வந்து நின்றாலும் உண்டு. தூக்குவாளி கொண்டுவந்தால் வீட்டுக்கும் உண்டு.

இனி நண்பரின் கேள்விக்கு வரலாம். சாமிக்குப் பிரியாணியா? ஆமாம். காவல்தெய்வம் நம்மோடு ஊரில் இருக்கிற சாமி. ஊர் எதைச் சாப்பிடுகிறதோ அதைத்தான் படைப்பார்கள். ஒரு காலத்தில் அது பொங்கச்சோறும் கிடாக்கறியும். பிள்ளைகள் பிரியாணி விற்றுப் பிழைக்க ஆரம்பித்ததும் பிரியாணி ஆயிற்று. சம்பாதித்ததில் முதல் பங்கு சாமிக்கு என்பது பழைய முறை, பண்டம்தான் புதிது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்த விருந்தை வைப்பது சாமி. சமைக்கிறவரும் காசு கொடுத்தவரும் சாமியின் ஆட்கள். அதனால் யாருக்கும் அழைப்பு தேவைப்படவில்லை. நம் ஊரில் அழைக்காத வீட்டில் போய்ச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்று உங்களுக்கே தெரியும். பத்திரிகையை மட்டும் கொடுத்துவிட்டு வாய்நிறைய ‘வாங்க’ என்று சொல்லாமல் போனார்கள் என்பதற்காகவே கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. பசித்தவனுக்குக்கூட யாரோ ஒரு மனிதரிடம் கை நீட்டக் கூச்சம் இருக்கும். சாமி வைக்கிற விருந்தில் அந்தக் கூச்சம் இல்லை. எல்லாருக்கும் பாத்தியதை உண்டு. சாப்பிட்டவர் யாருக்கும் கடன்பட்டவராக ஆவதில்லை.

இதே மாதிரி இன்னொரு சாமி விருந்தைப் பார்க்க மதுரை நகரத்துக்குள் வாருங்கள். சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம். வடக்கு வெளி வீதியில் சேதுபதி மேல்நிலைப் பள்ளி. 1904இல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளி. அந்தப் பள்ளி மைதானத்தில் கல்யாண விருந்து நடக்கும். பழமுதிர்ச்சோலை திருவருள் முருகன் பக்த சபை எடுத்து நடத்துகிறது. முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு விருந்து. மறுநாள் கல்யாணச் சாப்பாடு. அரிசியும் பருப்பும் காய்கறியும் மூட்டை மூட்டையாகக் காணிக்கையாக வந்து இறங்கும். முதல் நாளே பெண்கள் அரிவாள்மனையும் கத்தியுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காய் நறுக்க யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூலியும் கிடையாது. மீனாட்சி மதுரைப் பெண். அப்படியானால் ஊரே பெண் வீடு. பெண் வீட்டுக்காரர்கள் வேலை செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? இந்த விருந்தில் சாப்பிடுகிறவர் பாதி விருந்தாளி, பாதி வீட்டுக்காரர்.

இதில் என்னை எப்போதும் நெகிழவைப்பது மொய். திருக்கல்யாணம் முடிந்ததும் ஜனங்கள் மொய் எழுதுகிறார்கள். கோயிலில் அதற்கென்று இடம் போட்டு ரசீதும் கொடுப்பார்கள்; விருந்து நடக்கிற இடத்திலும் எழுதுவார்கள். மதுரைச் சீமையில் மொய் என்பது அன்பளிப்பு மட்டும் இல்லை. இன்னார், இந்த ஊர், இவ்வளவு ரூபாய் என்று நோட்டில் ஏறிவிட்டால் அது வரவுசெலவு. அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்தாக வேண்டும். மறந்தால் உறவு முறியும். அந்த நோட்டுக் கணக்குக்குள் மீனாட்சியையும் கொண்டுவருகிறார்கள். உண்டியலில் போடும் காசு காணிக்கை. மொய்யாக எழுதும் காசு சொந்தக்காரரின் செய்முறை. நாளைக்கு என் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வந்து நிற்க வேண்டும் என்று அந்த ஐம்பது, நூறு ரூபாய் கேட்கிறது.

ஊரே சொந்தம் கொண்டாடுகிற இதே மீனாட்சி கோயிலுக்குள் எண்பத்தைந்து வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை எல்லாரும் போக முடியாது. 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் கதவு திறந்தது. பின்னாளில் அமைச்சரான கக்கன் அந்தக் குழுவில் இருந்தார். சாப்பாட்டிலும் அதே கதைதான். 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது பெரிய அரசியல் பிளவில் போய் முடிந்தது. அந்தக் காலத்தை நினைத்துக்கொண்டு சேதுபதி பள்ளி மைதானத்தில் ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் யார், என்ன ஆள் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தெற்குச் சீமைக் கிராமங்களில் கோயில் விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று இன்றும் தகராறு நடக்கிறது.

எனக்கு மனசு ஒப்பாத விருந்தும் இந்தச் சுற்றில் உண்டு. திருமங்கலம் பக்கம் அனுப்பப்பட்டியில் கரும்பாறை முத்தையா சாமி. மார்கழியில் நடக்கும் கறி விருந்து, ஆண்களுக்கு மட்டும். நேர்ந்துவிட்ட கறுப்புக் கிடாய்களை வெட்டி, விடிய விடியச் சமைத்து, ஆயிரக்கணக்கான ஆண்கள் வெட்டவெளியில் வரிசையாக உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட இலையை யாரும் எடுக்கக் கூடாது. அது அங்கேயே கிடந்து காய்ந்து போக வேண்டும். அதுவரை பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. எச்சில் இலை எடுக்கிற வேலை நம் வீடுகளில் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், ஆண்கள் தாங்களே சமைத்து, இலையையும் வெயிலிடம் விட்டுவிடுகிற அந்த ஒரு நாள் கவனிக்க வேண்டியதுதான். ஆனாலும் வருஷம் முழுக்க ஆக்கிப் போடுகிறவளுக்குச் சாமி விருந்தில் இடம் இல்லை என்பதை என்னால் முறை என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சாமிக்குப் படைத்ததைச் சேர்ந்து உண்பது உலகத்தில் பல இடங்களில் உண்டு. பழைய கிரேக்கத்தில் பலி கொடுத்த மாட்டின் கறியை ஊர்க்காரர்களுக்குப் பங்கு போட்டார்கள். ஜப்பானில் ஷிண்டோ கோயில் சடங்கு முடிந்ததும் தெய்வத்துக்கு வைத்த சாக்கேயையும் பண்டங்களையும் வந்தவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அதற்கு நவோராய் என்று பேர். பூரி ஜகந்நாதர் கோயிலின் ஆனந்த பஜாரில் மகாபிரசாதத்தைச் சாதி பார்க்காமல் ஒரே இடத்தில் சாப்பிடுவது பழைய வழக்கம். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் ராஜாவும் கூலியும் ஒரே தரையில்தான் உட்கார வேண்டும். நம் பக்கத்தில் கூடுதலாக இருப்பது சொந்தம் கொண்டாடுகிற குணம். பூரியிலும் அமிர்தசரஸிலும் நாம் பக்தர்கள். மதுரையில் பெண்ணின் சொந்தக்காரர்கள், வடக்கம்பட்டியில் முனியாண்டியின் பிள்ளைகள்.

வடக்கம்பட்டிக்குப் போக நினைக்கிறவர்கள் தை பிறந்ததும் ஏதாவது ஒரு முனியாண்டி விலாஸில் சாப்பிடப் போகும்போது கல்லாவில் இருப்பவரிடம் திருவிழா என்றைக்கு என்று கேளுங்கள். அவர் வடக்கம்பட்டிப் பக்கத்துக்காரராக இருந்தால் தேதியோடு பஸ் ரூட்டும் சொல்லிவிடுவார். முதல் நாள் ராத்திரியே போய்விடுவது நல்லது; தம் போடுவதைப் பார்க்கலாம். போர்வையும் ஒரு தூக்குவாளியும் எடுத்துக்கொள்ளுங்கள். கறித்துண்டு கம்மியாக விழுந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அண்டாவில் கரண்டிக்கு வந்ததுதான் உங்கள் பங்கு.