ரேடார் முன்னால் இருப்பவர்கள் எழுதும் கடிதம்

வரைபடத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே போகும். பெரம்பலூர் நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. தலைக்கு மேலே விமானங்களுக்குக் குறைவில்லை. எந்த உயரத்தில் பறக்க வேண்டும், முன்னால் போகும் விமானத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும், எப்போது இறங்கத் தொடங்கலாம் என்று பைலட்டுக்குச் சொல்கிறவர் தரையில்தான் இருக்கிறார். ஏடிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் அவர். இந்தியாவில் சிவில் விமான நிலையங்களில் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள். அவர்களுடைய சங்கத்தின் பெயர் ஏடிசி கில்டு.

இந்தச் சங்கம் செய்திகளில் அவ்வப்போது தலைகாட்டும். கோரிக்கை, கடிதம், எச்சரிக்கை என்று இரண்டு பத்தி வரும், மறந்துபோவோம். அது ஏன் பத்திரிகைகளை நாடுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்து, எரிபொருளைக் குறைத்து, இரவு எட்டேகால் மணி அளவில் பத்திரமாக இறங்கியது. நாடே பைலட்டைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அத்தனை நேரமும் அந்த விமானத்துக்கு வானத்தில் வழிவிட்டுக் கொடுத்த கட்டுப்பாட்டாளர் யாரென்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பேச முடியாது. பொதுத்துறை ஊழியர் அனுமதி இல்லாமல் பத்திரிகையிடம் பேசுவது நடத்தை விதிக்குப் புறம்பு. அவர் சார்பில் பேசக்கூடிய ஒரே வாய் சங்கத்தின் நிர்வாகிகள்தான்.

வேலைநிறுத்தம் செய்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். 1981 ஆகஸ்ட் 3 அன்று பேட்கோ என்ற கட்டுப்பாட்டாளர் சங்கம் வேலையை நிறுத்தியது. சம்பள உயர்வு, வாரத்துக்கு 32 மணி நேர வேலை என்று கேட்டார்கள். முந்தைய ஆண்டு அதிபர் தேர்தலில் இந்தச் சங்கம் ஆதரித்த வேட்பாளர்தான் ரீகன். அதிபரான அதே ரீகன் 48 மணி நேரம் கெடு வைத்தார். திரும்பாத 11,345 பேரை வேலையை விட்டே அனுப்பினார். மக்கள் பெரும்பாலும் அவர் பக்கம் நின்றார்கள். ‘பாதுகாப்பு’ என்று சங்கம் சொன்னது ‘சம்பளம்’ என்றே காதில் விழுந்தது. என் கணக்கில் பேட்கோ தோற்றது அங்கேதான்.

1987-இல் அங்கே உருவான நேட்கா என்ற புதிய கட்டுப்பாட்டாளர் சங்கம் வேறு வழியில் போனது. வேலைநிறுத்தம் சட்டப்படி கூடாது. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திப்பது, நிருபர்களுக்குப் புரியும்படி பேசுவது என்று இறங்கியது. 2019-இல், செலவுக்கு நிதி ஒப்புதல் கிடைக்காமல் ஏற்பட்ட அரசு முடக்கத்தால் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார்கள். முப்பத்தைந்தாம் நாள் ஆள் போதாமல் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அன்றைக்கே முடக்கத்தை முடிக்க உடன்பாடு ஏற்பட்டது.

நம் ஏடிசி கில்டின் ஆயுதமும் கடிதம்தான். 2025 ஜூலையில், டெல்லி, மும்பை போன்ற நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கணினி அமைப்புகள் மந்தமாக இயங்குகின்றன, மேம்படுத்த வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியது. ஆகஸ்டில் போக்குவரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, விமானப் பாதுகாப்பு குறித்த அறிக்கையில் கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் அவர்களின் களைப்பையும் சுட்டிக்காட்டியது. நவம்பர் 6, 7 தேதிகளில் டெல்லியில் தகவல் பரிமாற்றக் கணினி படுத்துவிட்டது. விமானங்களின் பயணத் திட்டங்களைக் கையால் தயாரித்தார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம்.

அப்போதுதான் ஜூலைக் கடிதம் தலைப்புச் செய்தியானது. இங்கே நிதானம் வேண்டும். கடிதம் பேசியது திரையில் விமானங்களைக் காட்டும் தானியங்கி அமைப்பைப் பற்றி. நவம்பரில் நின்றது அதற்குப் பயணத் திட்டங்களை ஊட்டும் வேறொரு அமைப்பு. ‘சங்கம் முன்பே சொன்னது’ என்பது பாதி உண்மை. ஆனாலும் அந்தப் பாதி லேசானது இல்லை: பழைய இயந்திரங்களைப் பற்றி உள்ளே இருப்பவர்கள் நான்கு மாதம் முன்னால், தேதி போட்டு, எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

அந்தத் தேதியின் அருமை அரியலூர்க்காரர்களுக்குப் புரியும். 1956 நவம்பர் 23 அன்று அவர்கள் ஊருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அப்படி ஒரு விபத்துக்குப் பின் முதலில் எழும் கேள்வி, முன்கூட்டியே யாராவது சொன்னார்களா என்பது. சங்கத்தின் கடிதம் அந்தக் கேள்விக்கு முன்பே எழுதி வைத்த பதில்.

அதற்காகச் சங்கம் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் முடியாது. கூடுதல் ஆள் வேண்டும் என்ற கோரிக்கையில் பயணியின் பாதுகாப்பும் ஊழியரின் சௌகரியமும் ஒன்றாகக் கலந்திருக்கும், பிரிக்கவே முடியாது. அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கடிதத்தின் தேதி, எந்தக் கருவி என்ற விவரம், ஆணையம் தந்த பதில். மூன்றாவது பெரும்பாலும் செய்தியில் இருக்காது. அதை வரவழைக்க மக்களவைக் கேள்வி உதவும். அமைச்சர் தரும் பதில் மக்களவை இணையதளத்தில் யாரும் படிக்கும்படி வெளியாகும். பெரம்பலூர்க்காரர்கள் தங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்கலாம். அரியலூர் சிதம்பரம் தொகுதியில் வருகிறது. அங்குள்ளவர்கள் சிதம்பரம் எம்.பி.யிடம்தான் போக வேண்டும்.